அனானி அல்ல, ஏ.ஏ. – பூப்படம் ஒட்டிய வாழ்த்து அட்டையின் கதை

தோட்டத்துப் பூவை, தெருமுனை வேலியில் பூத்ததைப் படம் பிடிப்பது. அதைப் பிரிண்ட் போட்டு, மடித்த தடித்தாளின் மேல் ஒட்டுவது. உள்ளே இரண்டு வரி எழுதித் தெரிந்தவருக்கு அனுப்புவது. பார்த்தால் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு மாதிரிதான் இருக்கும். ஆனால் இதன் வேரைத் தேடிக்கொண்டு போனால் 1839 வரை போய்விடலாம். அதாவது, புகைப்படம் என்று ஒன்று வெளியுலகத்துக்குத் தெரியவந்த அதே வருடம். புகைப்படக் கலை பிறந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, செடியையும் பூவையும் படமாக்கித் தபாலில் இன்னொருவருக்கு அனுப்பியதுதான் என்றால் நம்ப முடிகிறதா?

அனுப்பியவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட். இங்கிலாந்துக்காரர். தாளில் உப்புக் கரைசலையும் வெள்ளி நைட்ரேட்டையும் தடவி, அதன்மேல் ஓர் இலையையோ பூங்கொத்தையோ வைத்து வெயிலில் காட்டினார். வெயில் பட்ட இடம் கறுத்தது, இலை மறைத்த இடம் வெளுப்பாக நின்றது. கேமரா கிடையாது, லென்ஸ் கிடையாது. இந்த முறையை அவர் 1839 ஜனவரியில் அறிவித்தார். அவருக்குத் தாவரவியல் பைத்தியமும் உண்டு. இத்தாலியின் பொலோன்யா நகரில் அன்டோனியோ பெர்தொலோனி என்ற தாவரவியல் அறிஞர் இருந்தார். அவருக்கு 1839, 1840 ஆண்டுகளில் கடிதங்களோடு இந்தப் படங்களையும் அனுப்பிக்கொண்டே இருந்தார் டால்பாட். வந்தவற்றை பெர்தொலோனி ஓர் ஆல்பத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார். அந்த ஆல்பம் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காய்ந்த செடியை உறையில் போட்டால் வழியிலேயே பொடிந்துவிடும். படம் பொடியாது. யோசனை அவ்வளவுதான்!

இப்போது கதையின் நாயகிக்கு வருவோம். ஆன்னா அட்கின்ஸ். 1799இல் கென்ட் பகுதியில் உள்ள டன்பிரிட்ஜில் பிறந்தவர். அடுத்த வருடமே அம்மா இறந்துவிட்டார். வளர்த்தது அப்பா ஜான் ஜார்ஜ் சில்ட்ரன். அவர் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி. அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கிடைக்காத அறிவியல் படிப்பு அப்பா மூலமாக ஆன்னாவுக்கு வீட்டிலேயே கிடைத்தது. லாமார்க்கின் சிப்பிகள் பற்றிய நூலை அப்பா ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, இருநூற்றுக்கும் மேற்பட்ட சிப்பிகளை வரைந்து கொடுத்தவர் மகள்தான். 1825இல் ஜான் பெல்லி அட்கின்ஸ் என்பவரை மணந்தார். குழந்தைகள் இல்லை. கணவர் குடும்பம் மேற்கிந்தியத் தீவுகளோடு வணிகம் செய்து செல்வம் சேர்த்த குடும்பம். அந்த வணிகம் எதன்மேல் நின்றது என்று சொல்லத் தேவையில்லை, கரும்பும் காப்பியும் விளைந்தது அடிமைகளின் உழைப்பில். வெயிலில் தாளைக் காயவைத்துக்கொண்டிருக்க ஒருவருக்கு நேரம் கிடைத்தது என்றால், அந்த நேரத்துக்கான விலையை வேறெங்கோ யாரோ கொடுத்திருக்கிறார்கள். இதை விட்டுவிட்டு அட்கின்ஸின் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

டால்பாட் அப்பாவின் நண்பர். ஜான் ஹெர்ஷலும் நண்பர். வானியலில் பெயர் பெற்ற அதே ஹெர்ஷல்தான். அவர் 1842இல் ஒரு புதிய முறையைக் கண்டுபிடித்தார். வெள்ளி தேவையில்லை, இரும்பு உப்புகள் போதும். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு கரைசல்களைக் கலந்து மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூச வேண்டும். காய்ந்ததும் மேலே பொருளை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, சில நிமிடம் வெயிலில் வைக்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் அலசினால் போதும். வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலம், பொருள் இருந்த இடம் வெள்ளை. இதுதான் சயனோடைப். பிற்காலத்தில் கட்டட வரைபடங்களை நகலெடுக்கப் பயன்பட்டது இதே முறைதான். இன்றைக்கும் எதற்கெடுத்தாலும் 'ப்ளூ பிரிண்ட்' என்கிறோமே, அந்தச் சொல்லில் இருக்கும் நீலம் ஹெர்ஷலுடைய நீலம்.

ஆன்னா அட்கின்ஸ் இதை உடனே பிடித்துக்கொண்டார். முதலில் எடுத்தது பூ அல்ல, கடற்பாசி. வில்லியம் ஹார்வி 1841இல் பிரிட்டிஷ் பாசிகளைப் பற்றி ஒரு கையேடு எழுதியிருந்தார், அதில் படமே இல்லை. பாசியின் நூல் போன்ற கிளைகளைக் கையால் சரியாக வரைவது பெரும்பாடு என்பதால்தான் ஹெர்ஷலின் முறைக்குப் போனதாக அட்கின்ஸே முன்னுரையில் சொல்கிறார். 1843 அக்டோபரில் முதல் பகுதி வெளியானது. 1853 வரை பகுதி பகுதியாக வந்து, மொத்தம் ஏறத்தாழ 400 படங்கள். புகைப்படங்களால் ஆன முதல் புத்தகம் என்று இன்று சொல்லப்படுவது இதுதான். நெகட்டிவ் கிடையாது என்பதைக் கவனியுங்கள். பத்துப் பிரதி வேண்டுமென்றால் அதே பாசியைப் பத்துத் தாள்களில் பத்து முறை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். இங்கிலாந்து வெயிலில்! எழுத்துகளையும் அச்சுக்கோர்க்கவில்லை. ஒளி ஊடுருவும் தாளில் கையால் எழுதி, அதையும் நீலமாகப் பிரிண்ட் போட்டார்.

இந்தப் புத்தகம் கடையில் விற்பனைக்கு வரவில்லை. நண்பர்களுக்கும் அறிவியல் வட்டாரத்தில் தெரிந்தவர்களுக்கும் அட்கின்ஸ் அனுப்பி வைத்தார். முன்னுரையின் கீழே முழுப் பெயர் இல்லை. 'ஏ.ஏ.' என்ற இரண்டு எழுத்து மட்டும்.

இனி வருவதுதான் வேடிக்கை. அவர் இறந்தது 1871இல். பதினெட்டு ஆண்டு கழித்து, 1889 வாக்கில், கிளாஸ்கோவைச் சேர்ந்த வில்லியம் லாங் என்பவர் இந்த நீலப் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். யார் செய்தது என்று அவருக்குத் தெரியவில்லை. 'ஏ.ஏ.' என்றால் 'அநானிமஸ் அமெச்சூர்' ஆக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். நம்ம பதிவுலக பாஷையில் சொன்னால், அனானி! அது ஆன்னா அட்கின்ஸ் என்று பிறகு தெரியவந்தாலும், அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி ஆக இன்னும் ஏறக்குறைய நூறு வருடம் பிடித்தது. லாரி ஷாஃப் என்ற புகைப்பட வரலாற்றாசிரியர் பல காலம் தேடி 1985இல் அட்கின்ஸ் பற்றி ஒரு நூல் எழுதிய பிறகுதான் பாடப்புத்தகங்கள் திரும்பிப் பார்த்தன.

ஏன் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்? பெண் என்பதால் அடக்கம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அதைவிட எளிமையான காரணம் ஒன்று கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. வாங்கிக்கொள்பவருக்கு அவரைத் தெரியும்! அக்கா தம்பிக்குக் கடிதம் எழுதும்போது முழுப் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் போட்டா கையெழுத்திடுகிறார்? கைக்குக் கை போகும் பொருளில் இரண்டு எழுத்தே அதிகம். அந்தக் கைகள் மறைந்து, பொருள் மட்டும் ஏலக் கடைக்கு வரும்போதுதான் செய்தவர் அனானி ஆகிறார். பூப்படத்தின் வரலாறு முழுக்க இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

பாசிக்குப் பிறகு பூவுக்கு வந்த கதை இன்னும் நெருக்கமானது. 1852 ஜனவரியில் அப்பா சில்ட்ரன் இறந்துபோனார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆன்னாவுக்கு அம்மாவும் அப்பாவும் ஆசிரியரும் எல்லாம் அவர்தான். அந்தக் கோடையில் ஆன் டிக்சன் துணைக்கு வந்து தங்கினார். டிக்சனும் அதே 1799இல் பிறந்தவர், சின்ன வயதில் ஆன்னாவோடு உடன்பிறந்தவர் போலவே வளர்ந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து வெயிலில் தாளை விரித்தார்கள். இந்த முறை பெரணிகள், பூக்கள். 1853இல் பெரணிகளின் ஆல்பம், 1854இல் பூச்செடிகளும் பெரணிகளும் கலந்த இன்னோர் ஆல்பம். பெரிய பாப்பி ஒன்று தண்டோடும் இலையோடும் தாள் முழுக்க நிற்கிறது, இதழ்களின் மடிப்புகள் கூட நீலத்தின் ஏற்ற இறக்கத்தில் தெரிகின்றன. சாலையோரத்தில் காலில் மிதிபடும் டேண்டிலயன் ஒன்றுக்கும் ஒரு தாள் முழுதாகக் கிடைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பெரணிகளும் உண்டு. ஜமைக்கா என்று குறித்தவை, இலங்கை என்று குறித்தவை. யாரோ இலங்கையின் ஈரமான காட்டில் பறித்து உலர்த்தி அனுப்பிய ஒரு பெரணி, கென்ட் வெயிலில் நீலமாகியிருக்கிறது.

1854 ஆல்பம் ஆன் டிக்சனுக்கே பரிசாகக் கொடுக்கப்பட்டது. துக்கத்தில் கூட இருந்த தோழிக்கு, இருவரும் சேர்ந்து செய்ததையே திருப்பிக் கொடுத்தது. இதை அறிவியல் நூல் என்று எந்தப் பட்டியலில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளபடி சொன்னால் அது ஒரு பெரிய சைஸ் வாழ்த்து அட்டைதான்.

வாழ்த்து அட்டை என்றதும் 1843க்கு மறுபடி போக வேண்டியிருக்கிறது. முதல் பாசிப் படங்கள் வெளியான அதே வருட டிசம்பரில், லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டார். கோல் தபால் சீர்திருத்தத்தில் வேலை பார்த்தவர். 1840க்கு முன்னால் பிரிட்டனில் தபால் கட்டணம் அதிகம், பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். 1840இல் ஒரு பென்னி ஸ்டாம்ப் ஒட்டினால் நாடு முழுக்க எங்கு வேண்டுமானாலும் போகும் என்று ஆனது. கடிதங்கள் குவிந்தன, பதில் எழுதி மாளவில்லை. கோல் தன் ஓவிய நண்பர் ஜான் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி, ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டவைத்தார். தனக்குப் போக மிச்சத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்னி. ஓர் அட்டை விலைக்கு 12 கடிதம் அனுப்பிவிடலாம்! படத்தில் குழந்தைக்கு ஒயின் கொடுக்கிறார்கள் என்று மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வேறு வந்தார்கள்.

கோலின் அட்டையும் அட்கின்ஸின் நீலத் தாளும் ஒரே வருடத்தில், ஒரே ஊர்ப்பக்கத்தில் பிறந்தவை. ஆனால் நோக்கம் நேர் எதிர். கோலின் அட்டை எழுதும் வேலையைக் குறைப்பதற்காக வந்தது. அட்கின்ஸ் ஒவ்வொரு தாளுக்கும் வேலையைக் கூட்டிக்கொண்டார். இரண்டும் ஒன்றுசேர ரொம்பக் காலம் ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் பூவை அச்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1860களிலிருந்து குரோமோலித்தோகிராஃபி என்ற வண்ணக் கல்லச்சு மலிவானது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல், ஒரே அட்டைக்குப் பத்துக்கு மேற்பட்ட கற்கள். பாஸ்டனில் லூயி பிராங் 1870களில் அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டைகளில் ரோஜாவும் இன்னபிற பூக்களும்தான் அதிகம். பனி கொட்டும் டிசம்பரில் ரோஜா எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கையால் செய்கிறவர்கள் இன்னொரு பக்கம் பூவையே அழுத்தி உலர்த்தி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெருசலேமுக்குப் போன பயணிகள் 'புனித நாட்டுப் பூக்கள்' என்று உலர்ந்த பூ ஒட்டிய அட்டைகளையும், ஆலிவ் மர அட்டை போட்ட ஆல்பங்களையும் வாங்கிவந்தார்கள். அங்கிருந்த அமெரிக்கன் காலனி என்ற கிறிஸ்தவக் குழு உலர்பூ அட்டைகளும் விற்றது, தனியே புகைப்படப் பிரிவும் வைத்திருந்தது. பாலஸ்தீனக் காட்டுப் பூக்களைப் படமெடுத்துக் கையால் வண்ணம் தீட்டிய படங்கள் அந்தப் பிரிவிலிருந்து வந்தன. உலர்பூவும் பூப்படமும் ஒரே கூரையின் கீழ் அக்கம்பக்கமாக இருந்த இடம் அது.

சரி, கேமரா வந்த பிறகும் ஏன் எல்லோரும் தோட்டத்துப் பூவைப் படமெடுத்து ஒட்டவில்லை? காரணம் நிறம். வண்ணம் இல்லை என்பது மட்டுமல்ல, கறுப்பு வெள்ளையே தப்பாக விழுந்தது. ஆரம்பகால கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே மசியும். சிவப்பு அவற்றுக்குத் தெரியாது. சிவப்பு பாப்பி கரி மாதிரி கறுப்பாக விழும். கருநீலப் பூ வெள்ளையாகிவிடும். மஞ்சள் டேண்டிலயன் அழுக்குச் சாம்பல். பூவை நேரில் பார்த்தவர்கள் படத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள். 1873இல் ஹெர்மான் ஃபோகல் என்ற ஜெர்மானியர், தகட்டில் சாயம் கலந்தால் மற்ற நிறங்களையும் உணர வைக்கலாம் என்று கண்டுபிடித்தார். அதன்பிறகு பச்சையும் மஞ்சளும் மெல்ல சரியாயின. எல்லா நிறத்தையும் உணரும் தகடு கடைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகு.

இந்தக் காலத்தில்தான் இன்னொரு 'அனானி'. 1981இல் லண்டன் பெர்மண்ட்சி பழம்பொருள் சந்தையில் ஒரு பெட்டி விலைக்கு வந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான புகைப்படங்கள். முட்டைக்கோஸ், வெங்காயம், பட்டாணி, பிளம், பூக்கள். ஒவ்வொன்றும் மனிதரை ஸ்டூடியோவில் உட்காரவைத்து எடுத்த மாதிரி அவ்வளவு மரியாதையாக. பின்புறம் பென்சிலில் செடியின் பெயரும் 'சி.ஜே.' என்ற எழுத்துகளும். சில படங்களில் மட்டும் முழுப் பெயர் – சார்லஸ் ஜோன்ஸ். 1866இல் பிறந்து 1959இல் இறந்தவர், சசெக்ஸில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தைப் பராமரித்த தோட்டக்காரர். தான் வளர்த்ததைத் தானே படமெடுத்திருக்கிறார். யாருக்குக் காட்ட எடுத்தார் என்பதற்கு ஒரு வரி கூட எழுதிவைக்கவில்லை. அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முதுமையில் அந்தக் கண்ணாடிகளைத் தோட்டத்தில் இளநாற்றுகளுக்குக் குளிர்மூடியாகக் கவிழ்த்து வைத்தாராம், பேத்தி சொன்ன தகவல். புகைப்பட அறிஞர்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். தோட்டக்காரருக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

அட்டையும் பூப்படமும் சேர்ந்தது எப்போது? ஒரு கேமராவின் பெயரைச் சொல்லலாம். 1903இல் கோடாக் கொண்டுவந்த 3ஏ ஃபோல்டிங் பாக்கெட். அதன் நெகட்டிவ் 3¼ அங்குலத்துக்கு 5½ அங்குலம், சரியாக ஒரு தபால் அட்டையின் அளவு. பெரிதாக்கும் கருவி தேவையில்லை. பின்பக்கம் தபால் அட்டைக் கோடுகள் அச்சிட்ட போட்டோ தாள் தனியாகக் கிடைத்தது. நெகட்டிவை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப வேண்டியதுதான். அட்கின்ஸ் பூவை வைத்த இடத்தில் இப்போது நெகட்டிவ், மற்றபடி அதே வேலை! 1907 மார்ச்சிலிருந்து அமெரிக்காவில் அட்டையின் முகவரிப் பக்கத்திலேயே பாதியில் செய்தி எழுத அனுமதி கிடைத்தது. 1908 ஜூனோடு முடிந்த ஒரே வருடத்தில் அந்த நாட்டுத் தபாலில் போன அட்டைகள் 67 கோடிக்கு மேல். மக்கள்தொகையோ 9 கோடிக்கும் குறைவு. பெரும்பகுதி அச்சகத்து அட்டைகள்தான். ஆனால் அந்த வெள்ளத்துக்கு நடுவே, எங்கள் வாசல் ரோஜா, எங்கள் வீட்டுச் சூரியகாந்தி என்று ஒரே ஒரு பிரதியாக எடுத்து அனுப்பியவையும் இருந்தன. பழைய அட்டை விற்பவர்களிடம் இன்றும் அவை கிடைக்கும். பின்னால் "இந்த வருடம் நன்றாகப் பூத்தது" என்கிற ரகத்தில் ஒரு வரி, கீழே முதலெழுத்து மட்டும். வாங்கியவருக்குத் தெரியுமே!

நிறத்துக்கு வருவோம். அதே 1907இல் லூமியர் சகோதரர்கள் ஆட்டோகுரோம் என்ற வண்ணத் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். சாயம் ஏற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களைக் கண்ணாடியில் பரப்பிச் செய்தது. தோட்டம் வைத்திருந்த பணக்காரர்கள் அதில் பூக்களை எடுத்துத் தள்ளினார்கள். ஆனால் அது கண்ணாடி, பிரதி எடுக்க முடியாது, வெளிச்சத்துக்குப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். உறையில் போட்டு அனுப்பினால் என்ன ஆகும்! 1935இல் வந்த கோடாக்குரோமும் முதலில் திரையில் போட்டுப் பார்க்கத்தான். சாதாரண ஆள் ஒரு ரோல் வாங்கி, கடையில் கொடுத்து, தாளில் வண்ணப் பிரிண்டாகத் திரும்பப் பெற்றது 1942இல் கோடாகலர் வந்த பிறகுதான். சிவப்புப் பூ சிவப்பாகவே அட்டையில் ஒட்டப்பட்டது அதற்கப்புறம். அந்த ஆரம்பகாலப் பிரிண்டுகளின் சாயம் நிலைக்கவில்லை என்பது தனிச் சோகம். அந்த வருடங்களின் ரோஜாக்கள் இன்று ஆல்பங்களில் மங்கிப் பழுப்பேறிக் கிடக்கின்றன. நூறு ஆண்டு முந்தைய அட்கின்ஸின் நீலமோ இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

வண்ணமே இல்லாமல் சொந்தத் தோட்டத்துப் பூவை எடுத்துப் பெயர் வாங்கியவரும் உண்டு. இமோஜன் கன்னிங்ஹாம், அமெரிக்கர், 1883இல் பிறந்தவர். கல்லூரியில் வேதியியல் படித்து, சியாட்டிலில் சொந்த ஸ்டூடியோ நடத்தியவர். 1915க்கும் 1917க்கும் இடையில் மூன்று ஆண் குழந்தைகள், அதில் இரண்டு இரட்டையர். ஸ்டூடியோ மூடியாயிற்று, குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு மாறியாயிற்று. மூன்று பையன்களை விட்டுவிட்டு வெளியே போய்ப் படமெடுக்க முடியாது. கொல்லையில் இருப்பதை எடுத்தார். 1925இல் எடுத்த ஒரு மக்னோலியா, பூவின் உள்ளே முகத்தைக் கொண்டுபோய் வைத்தது போல் நெருக்கமாக, இதழ்களும் நடுவில் மகரந்தக் கூம்பும் மட்டும். 1929இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த பெரிய புகைப்படக் கண்காட்சிக்கு அவருடைய படங்கள் போயின. இவர் அனானி ஆகவில்லை, 93 வயது வரை வாழ்ந்து, தன் பெயரைத் தானே பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் காரணத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டை விட்டு நகர முடியாதவர்களின் கலையாகவே இது நெடுங்காலம் இருந்திருக்கிறது. அட்கின்ஸ், டிக்சன், கன்னிங்ஹாம், தோட்டத்திலேயே சம்பளத்துக்கு இருந்த ஜோன்ஸ். கையெட்டும் தூரத்தில் இருந்தது பூ.

1970களின் இறுதியில் மினிலேப் வந்தது. ஒரு மணி நேரத்தில் பிரிண்ட், கூடவே இரண்டாவது பிரதி மலிவாக. அந்த இரண்டாவது பிரதிதான் கைவினை அட்டைக்காரர்களுக்கு வரம். ஒன்று ஆல்பத்துக்கு, ஒன்று அட்டைக்கு. 4x6 பிரிண்டை 5x7 மடிப்பு அட்டையில் நான்கு பக்கமும் அரை அங்குல ஓரம் விட்டு ஒட்டினால் கச்சிதமாக உட்காரும். பசை போட்டால் தாள் நெளியும் என்பதால் இரட்டைப்பக்க டேப். எடுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. உச்சி வெயிலில் சிவப்பு இதழ் விவரமே இல்லாமல் ஒரே பட்டையாக விழும். மேகம் மூடிய காலை வேளையில் இதழின் நரம்பு கூடத் தெரியும். உள்ளே எதுவும் அச்சடிக்காமல் வெறுமையாக விடுவார்கள். அந்த வெறுமைக்கு ஒரு பயன் இருந்தது. சாவு விழுந்த வீட்டுக்கு என்ன எழுதுவது? கடையில் விற்கும் அட்டையின் அச்சடித்த அனுதாபம் யாருக்கும் பொருந்தும், அதனாலேயே யாருக்கும் சரியாகப் பொருந்தாது. இறந்தவர் வைத்த செடியில் பூத்த பூவின் படமும் கீழே கையால் எழுதிய ஒரு வரியும் வேறு ரகம். 1852 கோடையில் கென்ட் தோட்டத்தில் இரண்டு தோழிகள் செய்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

பிறகு இணையம் வந்தது. 1996இல் ப்ளூ மவுண்டன் என்ற தளம் மின்வாழ்த்துகளை இலவசமாக அனுப்பத் தொடங்கியது. 1999இல் அதை எக்சைட் அட் ஹோம் நிறுவனம் 78 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. 2001இல் அது கைமாறிய விலை சுமார் மூன்றரைக் கோடி டாலர்! அசையும் ரோஜா, பாடும் ரோஜா எல்லாம் இன்பாக்ஸில் குவிந்தன. எதையாவது யாராவது பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்களா? 2010 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கடைசி கோடாக்குரோம் ஆய்வகமும் அந்த ஃபிலிமை வாங்குவதை நிறுத்தியது. 2012இல் கோடாக் நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

1854இல் ஆன் டிக்சனுக்குக் கொடுத்த ஆல்பம் என்ன ஆயிற்று? முழுதாக இல்லை. பிற்காலத்தில் தாள் தாளாகப் பிரித்துவிட்டார்கள். பல அருங்காட்சியகங்களிலும் தனியார் கைகளிலும் பக்கங்கள் சிதறிக் கிடக்கின்றன. அந்தக் காலத்து பாப்பி ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தாய் நிறுவனமான சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தை முதல் இயக்குநராக நடத்தியவர் வேறு யாருமல்ல, கிறிஸ்துமஸ் அட்டை ஹென்றி கோல். அவருடைய 1843 அட்டையின் பிரதியும் அங்கேயே உண்டு.

2008இல் இன்னொரு இலை ஏலத்துக்கு வந்தது. வெயில் முறையில் பதிந்த ஒற்றை இலை. யார் செய்தது என்று தெரியவில்லை, டால்பாட்டுக்கும் முந்தைய ஆண் விஞ்ஞானி ஒருவராக இருக்கலாம் என்று பேச்சு கிளம்பி, ஏலமே நிறுத்தி வைக்கப்பட்டது. கோடிக்கணக்கில் விலை போகும் என்றார்கள். 2015இல் முடிச்சை அவிழ்த்தவர் அதே லாரி ஷாஃப். 1839இல் அதைச் செய்தவர் பிரிஸ்டலைச் சேர்ந்த சாரா ஆன் பிரைட் என்ற பெண். கடிதங்களையும் கையெழுத்தையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சயனோடைப் இப்போது மறுபடி கைவினைக் கடைகளுக்கு வந்திருக்கிறது. ரசாயனம் தடவிக் காயவைத்த தாள்கள் பாக்கெட்டில் கிடைக்கின்றன. மொட்டைமாடி வெயிலில் ஐந்து பத்து நிமிடம் போதும். ரோஜாவை வைத்தால் ஏமாற்றம்தான், தடிமனாக இருப்பதால் வெறும் வெள்ளை உருண்டையாக விழும். மெல்லிய ஒற்றை அடுக்கு இதழ் உள்ள பூவை முதல் நாளே புத்தகத்துக்குள் வைத்து அழுத்தி எடுத்தால் நரம்போடு பதியும். பெரணி என்றால் முதல் முயற்சியிலேயே வந்துவிடும்.